அப்பாவின் பால் கணக்கு நோட்டு

அம்மா இறந்துபோன பத்தொன்பதாம் நாள் காலையில் அப்பாவின் கையிலிருந்து சாயா டம்ளர் நழுவி விழுந்தது. 2023 நவம்பர் தொடக்கம். முந்தின நாள் சாயங்காலம்தான் நான் அப்பாவின் ஊரான குலசேகரத்திலிருந்து என் வீடு இருக்கும் தக்கலைக்குத் திரும்பியிருந்தேன். எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் அண்ணன் போன் பண்ணினார். "அக்கா, அப்பாவுக்கு வாய் ஒரு பக்கமா கோணுது. பேச்சு வரல்லை."

நான் போய்ச் சேர்வதற்குள் வீட்டில் எல்லோருமாக அதை வாயு என்று முடிவு செய்து, வலது கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டி, ஊசி போட்டு, ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். 108 வந்து ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் இறக்கும்போது ஆறு மணி நேரம் கடந்துவிட்டது. ஸ்கேனில் மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிருந்தன. நாலரை மணி நேரத்துக்குள் வந்திருந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா என்று பார்த்திருப்போம் என்றார் டாக்டர். அவர் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். எனக்கு அது இன்றும் ஆறவில்லை. வாய் கோணினால், ஒரு கை தூக்க வராமல் போனால், பேச்சு குழறினால், எண்ணெய்க் குப்பியைத் தேடாதீர்கள். மணி பார்த்து வைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். வாயு இல்லாவிட்டால் என்ன, வாயுவாகவே இருந்தால்தான் என்ன, ஸ்கேன் எடுக்கிறவர்கள் சொல்லட்டும்.

அப்போது எங்கள் வீடு இருந்த நிலையைச் சொல்ல வேண்டும். மகள் ஆகஸ்டில்தான் கோயம்புத்தூரில் காலேஜில் சேர்ந்திருந்தாள். முதல் தடவையாக வீட்டை விட்டுப் போனவள், தினமும் ராத்திரி போனில் அழுவாள். மகன் பத்தாம் வகுப்பு. மாமிக்கு, அதாவது என் மாமியாருக்கு, இரண்டு வருஷமாக மறதி. காலையில் சாப்பிட்டது பத்து மணிக்கு நினைவிருக்காது, ஆனால் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கல்யாணப் பந்தியில் யார் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று வரிசையாகச் சொல்வாவ. பிள்ளைகளின் அப்பா பதினேழு வருஷமாக சவூதியில். கம்பெனி ஆள் குறைக்கிறது, ஜனவரியில் எக்ஸிட் அடித்து, விசாவை முடித்துக்கொண்டு வந்துவிடுவேன் என்று அவர் சொல்லியிருந்தார். எனக்குத் தக்கலையில் ஒரு இ-சேவை கடை. ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், சான்றிதழ் விண்ணப்பம் எல்லாம் செய்கிறேன்.

இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோதுதான் அம்மா ஒரு ராத்திரி தூக்கத்திலேயே நெஞ்சடைத்துப் போனது. அழுது தீர்க்க வேண்டிய நாட்களில் அப்பாவுக்கு மூக்கில் குழாய் போட்டிருந்தார்கள்.

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்று நூறு பேருக்கு நானே சொல்லியிருப்பேன். அம்மாவுடையதைப் பதிய அப்பாவும் நானும் சேர்ந்து போவதாக இருந்தோம். கடைசியில் இருபத்தொன்றாம் நாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் சித்தியை இருத்திவிட்டு நான் தனியாகப் போய்ப் பேரூராட்சி ஆபீசில் எழுதிக் கொடுத்தேன். அப்புறம் வாரிசு சான்றிதழ். கடையில் ஒரு மதியம், ஆள் இல்லாத நேரம், விண்ணப்பத்தைத் திறந்தேன். இறந்தவர் பெயர் அடித்தேன். வாரிசுகள் பெயர், வயது, உறவு. எத்தனையோ பேரிடம் "இறந்தவருக்கு நீங்க என்ன உறவு?" என்று திரையைப் பார்த்தபடியே கேட்டிருக்கிறேன். என் பெயரை அடித்து, உறவுக் கட்டத்தைத் திறந்து, இறங்கும் பட்டியலில் 'மகள்' என்பதில் அம்புக்குறியை வைத்தபோது விரல் அமுங்கவில்லை. ஒரு நிமிஷம் அப்படியே இருந்தேன். அதற்குள் ஒரு பையன் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்து நின்றான். அமுக்கிவிட்டு எழுந்தேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்கும்போது வந்தவரின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கிறேன்.

அப்பாவை எங்கே வைத்துப் பார்ப்பது என்பது அடுத்த கேள்வி. கூடப்பிறந்த அண்ணன் மும்பையில், இரண்டு அறை வீட்டில். குலசேகரத்து வீட்டில் அப்பாவோடு இருக்க ஆள் இல்லை. என் வீட்டுக்குக் கொண்டுவருவதைத் தவிர வழியில்லை. ஆனால் அப்பா வாழ்நாளில் என் வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியவர் இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் போய்ப் படுக்கக் கூடாது என்பது அவருடைய கணக்கு. கிறிஸ்துமஸுக்கு வந்தாலும் மட்டி வாழைக்குலையை நடையில் வைத்துவிட்டு, ஒரு சாயா குடித்து, கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார். அந்த மனிதரை ஸ்ட்ரெச்சரில் வைத்து நடை ஏற்றினோம். இடது கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மாமி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாவ. "சம்மந்தி, வாருங்க. சாப்பாடு ஆச்சா?" என்றாவ. அந்த ஒரு நிமிஷம் அவியளுக்கு எல்லாம் சரியாக நினைவிருந்தது. அதற்காக அவியளுக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

அப்பாவின் துணிகளை எடுக்கப் போனபோதுதான் அந்த நோட்டையும் எடுத்து வந்தேன். நீள நோட்டு, அட்டை கிழிந்து நூலால் தைத்தது. எங்களுக்கு நூற்றெண்பது ரப்பர் மூடு, மூடு என்றால் மரம். வெட்டிய தேதி, பாலை உறைய வைத்து அடித்த ஷீட் எத்தனை, மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பால் எத்தனை கிலோ, வெட்டுக்கூலி எவ்வளவு என்று அப்பா கோடு போட்டு எழுதி வைத்திருப்பார். மழை பெய்து வெட்டாத நாளுக்கு ஒரு 'ம'. அம்மா போன நாளுக்கு எதுவும் எழுதவில்லை, அந்த வரியை வெறுமனே விட்டிருந்தார். அடுத்த வரியிலிருந்து திரும்பவும் எட்டு ஷீட், ஒன்பது ஷீட். விழுந்ததற்கு முந்தின நாள்வரை எழுத்து ஒரே மாதிரி இருக்கிறது.

நான் அதன் மறுபக்கத் தாள்களில் எழுதத் தொடங்கினேன். ஒன்றும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. கைக்கு அகப்பட்ட தாள் அது. காலை ஆறு மணிக்கு மாத்திரை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்தது, எந்தப் பக்கம் என்று. குழாயில் கொடுத்த கஞ்சித் தண்ணீரின் அளவு. மூத்திரப் பையில் எவ்வளவு. முதல் பத்து நாள் இதையெல்லாம் மனசிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன். கடையில் ஒருவருக்கு ஆதாரில் விலாசம் மாற்றிக்கொண்டிருக்கும்போது, இரண்டு மணிக்கு வலது பக்கம் புரட்டினோமா இடது பக்கமா என்று மண்டைக்குள் ஓடும். ஒருநாள் முதுகின் கடைசியில், வால் எலும்பு மேல், ஐந்து ரூபாய்க் காசு அளவு சிவப்பு. அழுத்தினால் வெளுக்கவில்லை. படுக்கைப்புண் தொடங்குவது அப்படித்தான் என்று நர்ஸ் சொன்னாள். அன்று ராத்திரி நோட்டில் கோடு போட்டேன். எழுதி வைத்த பிறகு மகன் பார்த்தாலும் தெரிந்தது, சித்தி வந்தாலும் தெரிந்தது. நான் இல்லாத நேரத்திலும் அப்பா புரண்டார். அந்தச் சிவப்பு எட்டு நாளில் மறைந்தது.

உண்மையில் அப்பாவைப் பார்ப்பது பாரமாக இருக்கவில்லை. எல்லாமே என் ஒருத்தியின் மண்டைக்குள் இருந்ததுதான் என்னை அழுத்தியது. மகளின் ஹாஸ்டல் பீஸ் கட்டும் தேதி, மாமியின் கண்ணுக்கு விடும் மருந்து, மகனின் டியூஷன், வெட்டுக்கூலி எல்லாம் நோட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு ராத்திரியில் இரண்டு மணி நேரமாவது தூக்கம் வந்தது.

குழாய் மூன்று வாரத்தில் எடுத்தார்கள். அப்புறம் வாயால் கொடுப்பதுதான் பெரிய பயம். தண்ணீர் கொடுத்தால் புரையேறும். கஞ்சியைக் கெட்டியாக மசித்து, நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, சின்னக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு வாய் இறங்கியதைத் தொண்டையில் பார்த்த பிறகுதான் அடுத்தது. முடிந்ததும் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. ஒரு கும்பா கஞ்சிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அவசரப்பட்ட அன்றெல்லாம் இருமினார்.

ஜனவரியில் பிள்ளைகளின் அப்பா வந்தார். பதினேழு வருஷத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாசம் வந்து போனவர், இனிமேல் போவதில்லை என்று வந்தார். வந்த முதல் வாரம் எங்களுக்குள் சண்டை. அடுக்களையில் டப்பாக்களை எல்லாம் அவர் வசதிக்கு மாற்றி அடுக்கினார். மல்லிப்பொடி தேடி நான் கத்தினேன். ஒரே வீட்டில் தொடர்ந்து இருந்து பழகாத இரண்டு பேர் நாங்கள். ஒரு பக்கம் அவருக்கும் வேலை போன வலி இருந்தது. காலை ஐந்து மணிக்கு எழுந்து, போக இடமில்லாமல் முற்றத்தில் நின்றுகொண்டிருப்பார். அதைக் கவனிக்க எனக்கு ஒரு மாசம் ஆனது. கவனித்தபோது வெட்கமாக இருந்தது.

ராத்திரிப் பங்கை அவராகத்தான் கேட்டார். "அங்கே பாதி வருஷம் நைட் ஷிப்ட்தான். எனக்குத் தூக்கம் ஒரு பிரச்சினையில்லை. பன்னிரண்டிலிருந்து ஐந்து நான் பார்க்கிறேன்" என்றார். எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அப்பா சம்மதிக்க வேண்டுமே. மருமகன் முன்னால் சட்டை போடாமல்கூட இருந்ததில்லை. முதல் ராத்திரி அப்பாவுக்கு வயிறு போய்விட்டது. சத்தம் கேட்டு நான் எழுந்து கதவோரம் வந்தேன். இவர் வெந்நீர்ச் சட்டியை ஸ்டூலில் வைத்து, வேட்டியை அவிழ்க்கக் கை நீட்டுகிறார். அப்பா இடது கையால் வேட்டி முந்தியை இறுக்கிப் பிடித்திருக்கிறார், விரல் முட்டுகள் வெளுத்திருந்தன. இவர் இழுக்கவில்லை. அப்படியே கட்டிலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "மாமா, எனக்க அப்பா சாகும்போது நான் அங்கே இருந்தேன். லீவு கிடைக்கல்லை. ஒரு நாள்கூடப் பார்க்க முடியல்லை" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சட்டித் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அப்பாவின் விரல் ஒவ்வொன்றாக விட்டது. நான் உள்ளே போகவில்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

இனி மாமியைப் பற்றி. இந்த ஒரு வருஷத்தில் மிகக் கடினமானது எதுவென்று கேட்டால் அப்பாவைச் சொல்ல மாட்டேன். மாமி தினமும் கேட்கும் ஒரு கேள்வியைத்தான் சொல்வேன். "மக்ளே, சம்மந்தி இங்க கிடக்காவ, ஒனக்க அம்மை வரல்லியா?"

முதலில் உண்மையைச் சொன்னேன். அம்மா இறந்துபோச்சு மாமி. அவியளுக்கு அது அப்போதுதான் கேட்கும் செய்தி. நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவாவ, எப்போது, எப்படி, எனக்கு ஏன் சொல்லவில்லை என்று. மறுநாள் காலை திரும்பவும் அதே கேள்வி. ஒவ்வொரு நாளும் அம்மா புதிதாகச் செத்தது. மறதிக்கு மருந்து தரும் டாக்டரிடம் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் திருத்த வேண்டாம், அவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் அது புது அடி, கேள்விக்குப் பின்னால் இருக்கிற ஆசைக்குப் பதில் சொல்லுங்கள் என்றார். அடுத்த நாள் மாமி கேட்டபோது, "வந்திட்டுப் போனாவ மாமி. உங்களைக் கேட்டாவ" என்றேன். மாமி தலையாட்டிவிட்டுச் சாயாவை எடுத்துக் குடித்தாவ. நான் பொய் சொல்லிப் பழகாதவள். ஆனால் அதைச் சொன்னபோது அம்மா உண்மையிலேயே வந்து போன மாதிரி எனக்கும் கொஞ்சம் இருந்தது.

சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்தில் மாமிக்கு வீட்டுக்குப் போக வேண்டும். இதுதான் வீடு என்றால் கேட்கமாட்டாவ, செருப்பைத் தேடுவாவ. முருங்கைக்கீரையைக் கொத்தாக மடியில் போட்டு, "மாமி, இதை உருவித் தந்துட்டுப் போலாம்" என்றால் உட்கார்ந்துவிடுவாவ. விரல் எதையும் மறக்கவில்லை. ஒரு காம்பு விடாமல் உருவுவாவ. எங்கள் வீட்டில் அந்த வருஷம் வாரத்தில் நான்கு நாள் முருங்கைக்கீரைத் தோரன்தான்.

உதவி எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதியாக வேண்டும். அம்மாவுக்கு பிரஷர் இருந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு தன்னார்வலர் தங்கச்சி மாத்திரையை வீட்டில் கொண்டு கொடுப்பாள். அம்மா அடக்கம் முடிந்து பத்து நாள் இருக்கும், நான் குலசேகரத்து வீட்டில் இருக்கிறேன், அவள் பையோடு முற்றத்தில் வந்து "அம்மா இருக்காவளா?" என்று கேட்டாள். மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். அவள்தான் அப்பா விழுந்ததைக் கேள்விப்பட்டு எனக்குப் போன் பண்ணி, அந்தத் திட்டத்தில் பிசியோதெரபியும் படுக்கையில் இருப்பவர்களுக்கு நர்ஸும் வீட்டுக்கே வருவார்கள் என்று சொன்னாள். அரசு விண்ணப்பம் எல்லாம் என் கை வழியாகத்தான் போகிறது, ஆனாலும் எனக்காக ஒன்றைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தக்கலைப் பக்கத்து ஆட்களிடம் சொல்லி ஏற்பாடு செய்தோம். பிசியோ தம்பி வந்து அப்பாவின் வலது விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டிக்கொடுத்தான். மடங்கிய விரலை வலிக்க இழுக்கக் கூடாது, மணிக்கட்டை முதலில் உள்ளே மடக்கினால் விரல் தானாக இளகும் என்று அவன் காட்டியது இன்றும் தினமும் செய்கிறோம்.

அண்ணன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. போனில் "என்ன வேணும்னாலும் சொல்லு" என்பான். அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிச்சல் வரும். என்ன வேண்டும் என்று யோசித்துச் சொல்வதும் என் தலையிலா? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, நோட்டை வைத்துக்கொண்டே பேசினேன். மாசம் டயப்பர் செலவு இவ்வளவு, அதை நீ அனுப்பு. ஞாயிறு நாலு மணிக்கு வீடியோவில் வா, அப்பா கை பயிற்சி செய்யும் ஒரு மணி நேரமும் நீ பேசிக்கொண்டிரு, நான் அந்த நேரத்தில் குளித்துவிட்டுப் படுப்பேன். தோட்டத்தை விற்கிற பேச்சை அப்பா இருக்கும்வரை எடுக்காதே. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "சரி பிள்ளே" என்றான். ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. இவ்வளவு நாளும் நான் கேட்கவில்லை என்பதும் உண்மைதான்.

மகள் கிறிஸ்துமஸுக்கு வர டிக்கெட் எடுத்திருந்தாள். டிசம்பர் 17, 18 மழையில் திருநெல்வேலி, தூத்துக்குடி எல்லாம் வெள்ளத்தில் கிடந்தன. ரயில் எது ஓடும், எது ஓடாது என்று தெரியவில்லை. இரண்டு நாள் அலைந்து பிந்தித்தான் வந்தாள். ஆகஸ்டில் அழுதுகொண்டு போன பிள்ளை, பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நேராகப் பாட்டாவின் கட்டிலுக்குப் போய், படுக்கை விரிப்பில் சுருக்கம் இருக்கிறது என்று தானாக நீவி விட்டாள். நான்கு மாசத்தில் வளர்ந்திருந்தாள். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வளர்ந்த நாட்களில் நான் பக்கத்தில் இல்லையே என்றும் இருந்தது. மகன் மார்ச் 26-ல் தொடங்கிய பொதுத்தேர்வை எழுதி முடித்தான், பாஸாகிவிட்டான். ராத்திரி அப்பாவின் அறையில்தான் படித்தான். அதற்கு மேல் அவனுக்கு நான் எதுவும் செய்யவில்லை.

அம்மாவுக்காக நான் அழுதது பிப்ரவரியில். குலசேகரத்து அடுக்களையிலிருந்து ஒரு பரணியை எடுத்து வந்து மூலையில் வைத்திருந்தேன். ஒரு மதியம் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. வாய்க்கட்டுத் துணியை அவிழ்த்தேன். அம்மா கட்டிய முடிச்சு, அவிழவே இல்லை, பல்லால் கடித்துத்தான் இளக்கினேன். உள்ளே உப்பிலிட்ட மாங்காய், சித்திரையில் போட்டது. உப்புத் தண்ணீரும் மாங்காயும் கலந்த அந்த வாசனை வந்ததும் நான் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, நான்கு மாசத்து அழுகையையும் அழுதேன். மாமி சத்தம் கேட்டு வந்தாவ. என் பக்கத்தில் மெல்லக் குந்தி உட்கார்ந்து, முந்தானையால் என் மூக்கைத் துடைத்து, "எதுக்கு அழுவுற மக்ளே? அம்மைக்கு என்னா? நாளைக்கு வருவாவ" என்றாவ. நான் மாமியின் மடியில் தலை வைத்துக்கொண்டேன். அவியள் என் தலையில் பேன் பார்க்கத் தொடங்கினாவ.

இலையுதிர்வுக்கு நிறுத்திய வெட்டு, ஏப்ரலில் திரும்பத் தொடங்கியது. வெட்டும் அண்ணன் போனில் கணக்குச் சொல்வார், நான் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவேன். அப்பா பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு வரவில்லை. 'ம்' வரும், கோபம் வந்தால் 'ஏ' வரும். சொல்வது புரிகிறது என்று எங்களுக்குத் தெரியும்.

ஜூலையில் ஒருநாள். திங்கள் எட்டு ஷீட் என்று இருந்தது. அதன் கீழே செவ்வாய் ஏழு என்று எழுதிவிட்டு நோட்டை மூடப் போனேன். அப்பா இடது கையை என் மணிக்கட்டில் வைத்தார். 'ஏ' என்றார். விரலைத் திங்கள் மேல் வைத்தார், செவ்வாய் மேல் வைத்தார். திரும்பவும் திங்கள், திரும்பவும் செவ்வாய். எனக்கு விளங்கவில்லை. தாளை முன்னால் புரட்டச் சொல்லிக் கையாட்டினார். பழைய பக்கங்களில் அவர் எழுத்து. ஒருநாள் விட்டு ஒருநாள், ஒருநாள் விட்டு ஒருநாள், பக்கம் பக்கமாக. அப்போதுதான் பிடிபட்டது. மரத்துக்கு ஒருநாள் ஓய்வு கொடுக்காமல் அடுத்தடுத்த நாள் வெட்டியிருக்கிறார்கள். அப்படி வெட்டினால் மரம் களைத்துப்போகும், பட்டை வறண்டு பால் நின்றுவிடும் என்று சின்ன வயசில் எனக்குச் சொல்லித் தந்தவரே அப்பாதான்.

போன் பண்ணினேன். மழையில் போன வாரம் மூன்று வெட்டு போயிற்று, அதை ஈடுகட்டத்தான் என்றார் அந்த அண்ணன். "அப்பா கண்டுபிடிச்சிட்டாவளா?" என்று கேட்டார். குரலில் பயமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது.

"அப்பா, நாளைக்கு வெட்ட வேண்டாம்னு சொல்லட்டா?"

"ம்."

"நாளை மறுநாளும் விட்டுட்டு, வெள்ளிக்கிழமை வெட்டட்டுமா?"

கொஞ்சம் யோசித்தார். "ம்."

பேனாவை இடது கையில் கொடுத்தேன். நாளைய தேதிக்கு நேரே, நடுங்கி நடுங்கி, ஒரு கோடு இழுத்தார். அப்புறம் நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, மறுபக்கத் தாளைத் தட்டிக் காட்டினார். மணி நாலு. புரட்டிப் படுக்க வைக்க வேண்டிய நேரம்.